கல்யாணியில் நாற்பத்தொரு "வாங்க"

என் அக்கா பாடிய கல்யாணி ராகத்தில் நாற்பத்தொரு "வாங்க" இருக்கிறது. எண்ணியது நான் இல்லை, எங்கள் மாமா. அதைப் பதிந்த குறுந்தட்டு இன்றும் பத்திரமாக இருக்கிறது. அதைப் போட்டால் முதலில் தம்பூராச் சத்தம் வரும். பிறகு அக்காவின் குரல், பாசி பிடித்த படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறவள் மாதிரி மெதுவாக இறங்கும். இரண்டாவது படிக்குப் போவதற்குள், "வாங்க வாங்க! அத்தை வல்லீங்களா?" என்று ஒரு ஆண் குரல் இடியாக விழும். பாட்டு பயந்து ஓடி ஒளிந்துகொண்டதுபோல ஒரேயடியாகச் சின்னதாகிவிடும். பிறகு மெல்ல மெல்லத் தலையை நீட்டும். அதற்குள் அடுத்த "வாங்க" வந்துவிடும். அந்த ஆண் குரல் என்னுடையது.

கண்ணுகளா, உங்கள் அத்தையை நீங்கள் மேடையில் பார்த்திருக்கிறீர்கள். பட்டுச்சேலை கட்டி, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து வாசிக்க, நடுவில் ராணி மாதிரி பாடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த மேடைக்கு அவள் எப்படி ஏறினாள், அதை நான் எப்படி மூன்று முறை கெடுக்கப் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று எழுதுகிறேன்.

நாங்கள் சூலூரில் வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கமும் விசைத்தறிக் கூடம். காலையில் தறி ஓட ஆரம்பித்துவிட்டால், பக்கத்து மணையில் உட்கார்ந்திருப்பவரிடம் உப்புக் கேட்பதற்கும் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா எப்படியோ பாட்டுக் கற்றுக்கொண்டாள். தறி ஓடுகிற வேகத்துக்கே தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடுவாள். கல்யாணமாகிக் கிணத்துக்கடவுக்குப் போனதும் பாட்டு நின்றுபோனது. பாடாதே என்று யாரும் சொல்லவில்லை. தென்னந்தோப்பு, மாடு, இரண்டு பிள்ளைகள், வந்துபோகிற உறவுக்காரர்கள் என்று பொழுது ஓடிவிட்டது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, முப்பத்தாறு வயதில், வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டீச்சரிடம் போய்த் திரும்பவும் தொடங்கினாள். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் விடமாட்டார்கள். "ஏனுங்க அம்மணி, பாட்டுக் கத்துக்கப் போறீங்களாமா? பரிச்சை எப்பங்க?" என்பார்கள். "வர்ற மாசங்க. உங்களுக்கும் ஒரு ஹால் டிக்கெட் வாங்கியாறட்டுங்களா?" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒத்தக்கால்மண்டபம் வரைக்கும் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்கிவைக்க முடியாமல் கன்னம் வலிக்கும் என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

அதே ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சபா உண்டு. பெயர் வேண்டாம். மார்கழி விழாவில் புதிதாகப் பாடுகிறவர்கள் சிலருக்கு அங்கே மேடை தருவார்கள். அதற்கு இரண்டு நிபந்தனைகள். நாற்பது வயது முடிந்திருக்கக் கூடாது. அப்புறம், ஆட்களுக்கு முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் பாடியதை, நடுவில் வெட்டாமல் ஒட்டாமல், படத்தோடு பதிந்து புரட்டாசி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். படம் எதற்கென்றால், முன்பு யாரோ ஒருவர் வேறு யாரோ பாடியதைத் தன்னுடையது என்று கொடுத்துவிட்டாராம். அக்காவுக்கு வரப்போகிற தை மாதம் நாற்பது முடிகிறது. அந்த வருஷத்தை விட்டால் அப்புறம் கிடையாது.

அக்கா என்னிடம் வந்தாள். "ஏன்டா தம்பி, உன்ற கேமராவுல பாட்டு நல்லாப் பதிஞ்சு உழுகுமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் உழுகும்க்கா" என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. மூத்தவன் பிறந்தபோது வாங்கிய வீடியோ கேமரா அது. அவன் குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் எடுத்ததோடு சரி. எனக்குத் தொழில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. வீட்டில் யாருக்காவது கம்பி, ஒயர் என்று எதைப் பார்த்தாலும் என் ஞாபகம் வந்துவிடும். ஒயர் வைத்த எதுவும் எனக்குத் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். ரொம்ப நாள் மற்றவர்கள் நம்பினால் நாமும் நம்பிவிடுவோம்.

முதல் கச்சேரி ஆடி மாதம், கிணத்துக்கடவில் மாரியம்மன் கோயில் நோன்புத் திருவிழாவில். பாட்டு நன்றாகப் பதிய வேண்டுமானால் பாட்டு வருகிற இடத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்பது என் கணக்கு. பாட்டு எங்கிருந்து வருகிறது? ஆளுயரம் இருந்த அந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து. ஆகவே பெட்டியின் வாய்க்கு ஒரு முழம் தள்ளிக் கேமராவை வைத்தேன். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக்காற்று வந்து பந்தலைத் தூக்கிக்கொண்டு போகிற நேரம் அது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். படத்தில் அக்கா அழகாக வாயசைத்தாள். சத்தம் மட்டும் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல இருந்தது. நடுநடுவே யாரோ மூக்குச் சிந்துவதுபோல ஒரு சத்தம். அது காற்றாம். மாமா கடைசி வரைக்கும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மாப்ள, படம் நெம்ப நல்லாருக்குது. பாட்டுத்தான் யாரோ மசால் அரைக்கறாப்பல இருக்குது" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரரைத்தான் மாமா என்கிறேன். எனக்கும் மாமா, உங்களுக்கும் மாமா. தேங்காய் வியாபாரம் அவருக்கு. பத்து வார்த்தையில் எட்டு வார்த்தை கேலியாகத்தான் இருக்கும். மீதி இரண்டும் தேங்காயைப் பற்றி இருக்கும்.

அடுத்த நாள் அந்த மைக் செட்டுக்காரரைத் தேடிப் போனேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, பாக்ஸ் வாய்க்குள்ளயே கேமராவைக் கொண்டுபோயி வெச்சா அது என்னங்க பண்ணும்? உங்க காதுக்குள்ள வந்து நான் கத்துனா உங்களுக்குப் பாட்டுக் கேக்குமுங்களா?" என்றார். பிறகு விரல் மடக்கி நான்கு விஷயம் சொன்னார். பெட்டியை விட்டுத் தள்ளி வா. கூட்டத்துக்கு நடுவில், தலைகளுக்கு மேலே, ஆடாமல் நிற்கிறமாதிரி வை. மைக்குக்குக் காற்றுப் படாமல் ஏதாவது மெத்தென்று மாட்டு. காதில் ஹெட்போன் போட்டு, கேமரா என்ன கேட்கிறதோ அதை நீயும் கேள். கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் முக்கியம் என்றார். "சத்தத்தைக் கூட்டறதையும் கொறைக்கறதையும் கேமரா கையில உடாதீங்க. அதுக்கு அறிவு கெடையாது. திடீர்னு ஒருத்தன் இருமுனா, இருமல்தான் கச்சேரின்னு நெனச்சு பாட்டைக் கொறைச்சுப்போடும். நீங்களே ஒரு அளவு வெச்சுட்டுக் கையை எடுத்துருங்க." நான்கு என்று சொல்லி ஐந்து சொன்னார். விரல் எண்ணிக்கையை நான் கவனிக்கவில்லை. முதல் நான்கை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவதற்குக் கேமராவுக்குள் எங்கே போவது என்று தெரியவில்லை. உள்ளே எல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

இரண்டாவது கச்சேரி ஆவணியில். மாமாவின் தங்கை பையனுக்குக் கல்யாண மண்டபத்தில் காதுகுத்து. பகல் பதினொரு மணிக்குக் கச்சேரி. நான் மண்டபத்துக்கு நடுவில் ஸ்டாண்டு போட்டேன். மூத்தவனின் பள்ளிக்கூடக் காலுறையைத் துவைத்து மைக்குக்கு மாட்டினேன். ஹெட்போன் போட்டேன். ஆகா, அக்காவின் குரல் என் தலைக்குள்ளேயே பாடுவதுபோல இருந்தது. ஒன்றை மட்டும் நானும் யோசிக்கவில்லை, மைக் செட்டுக்காரரும் சொல்லவில்லை. மண்டபத்துக்கு நடுவில், தலைகளுக்கு மேலே, ஆடாமல் நின்றது கேமரா மட்டும் அல்ல. நானும்தான். உள்ளே வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் முதலில் படுகிறவன் நான். அதிலும் பெண் எடுத்த வீட்டு மச்சினன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும். வருகிறவரை வாங்க என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் அது தபால்காரருக்கு. உறவுக்காரருக்கு இரண்டு தடவை. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சின்னம்மாவே சாட்சி. ஒரு கல்யாணப் பந்தியில் என் அப்பா சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்த அவசரத்தில் அவரை வாங்க சொல்ல விட்டுப்போயிற்று. சின்னம்மா ஆறு வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஏழாவது வருஷம் அப்பா நேரில் போய், சின்னம்மா வீட்டு வாசலிலேயே நின்று, அவர்களைப் பார்த்து வாங்க வாங்க என்று சொல்லி அழைத்து வந்தார்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் வாயை மூடிக்கொண்டு நிற்பானா? வருகிறவர் கும்பிடுவார். என் வாய் தானாகத் திறக்கும். அதிலும் இரண்டு வினை சேர்ந்துகொண்டது. ஒன்று, நான் சூலூர்க்காரன். தறிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவன். இரண்டு, காதை ஹெட்போன் அடைத்திருந்தது. நான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி என் வாய். "வாங்க வாங்க! அத்தை வல்லீங்களா?" "ஏனுங்க பெரியப்பா, மொதல்ல போயிச் சாப்புட்டுப் போடுங்க, பந்தி ஓடிட்டிருக்குது!" "வாங்க மச்சான்! என்னுங்க இப்பிடி எளைச்சுப் போயிட்டீங்க!" நான் கத்தும்போதெல்லாம் அறிவில்லாத அந்தக் கேமரா, கத்துகிறவன்தான் பாடகன் என்று நினைத்துக்கொண்டு அக்காவின் பாட்டைக் குறைத்தது. குறைத்ததைத் திரும்ப ஏற்றுவதற்குள் அடுத்த உறவுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக் கூடத்தில் அதைப் போட்டுக் கேட்டோம். மாமா ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார். முடிந்ததும் கூட்டிப் பார்த்து, "நாப்பத்தியொண்ணு" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "மாப்ள, கச்சேரி உங்கக்காளுதுங்களா, உங்களுதுங்களா? உங்களுக்குப் பக்கவாத்தியமா அவ பாடுனது ஒண்ணும் மோசமில்லீங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "புரட்டாசி கடைசிச் சனிக்கெழமை பெருமாள் கோயில்ல பாடறேன். அதுக்கப்புறம் எனக்குக் கச்சேரியும் இல்லை, நாளும் இல்லைடா தம்பி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கேமராவோடு வந்த புத்தகத்தை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து, சத்தத்தின் அளவைக் கையால் வைக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் என் வாயின் அளவை வைக்கிற இடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேமராவைத் தனியாக விட்டுவிட்டு நான் ஒளிந்துகொள்ளலாமா என்று கேட்டேன். மாமா வேண்டாம் என்றார். "ஆளில்லாம நின்னா ஒவ்வொருத்தனும் வந்து எட்டிப் பாத்து, இது ஓடுதா ஓடலையான்னு அதுகிட்டயே கேப்பானுங்க" என்றார். பிறகு தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வழி சொன்னார். "மௌன வெரதம் இருங்க மாப்ள. சாமி காரியம்னு சொன்னா ஒருத்தரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. நீங்க வாங்க சொல்லாட்டியும் கோவிச்சுக்க மாட்டாங்க."

எவ்வளவு எளிதான யோசனை! ஆனால் பெருமாள் முன்னால் நின்று பொய் விரதம் இருக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தால் உண்மையாகவே இருப்பது, சனிக்கிழமை காலையில் குளித்ததிலிருந்து மறுநாள் காலை குளிக்கிற வரைக்கும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். சூலூரிலிருந்து உக்கடம் வரைக்கும் சிக்கல் இல்லை. நடத்துனர் தெரிந்தவர். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறியபோதுதான் வினை. எங்கே போகணும் என்று நடத்துனர் கேட்டார். கிணத்துக்கடவு என்று சொல்ல, நான் கிணற்றில் நீர் இறைப்பதுபோலக் கையால் காட்டினேன். அவர் இரக்கத்தோடு தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். குடித்துவிட்டு மறுபடியும் இறைத்தேன். "பாவம், இன்னும் தாகம் அடங்கலீங்க" என்று முன் சீட்டுக்காரர் தன் பாட்டிலையும் கொடுத்தார். அதையும் குடித்தேன். மாமா எழுதிக் கொடுத்திருந்த அட்டை பையில் இருக்கிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். "மௌன விரதம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. பஸ்ஸே எழுந்து வழி விட்டது.

கோயில் மண்டபத்தில் தூணோடு சேர்த்து ஸ்டாண்டைத் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். இனி யார் இடித்தாலும் ஆடாது. அதே காரணத்தால், நானே நினைத்தாலும் நகர்த்த முடியாது. மாலை ஐந்து மணிக்கு அக்கா தொடங்கினாள். எனக்கு மஞ்சள் வேட்டி, கழுத்தில் அட்டை, காதில் ஹெட்போன், கூப்பிய கை. மாமா சொன்னது அப்படியே பலித்தது. வந்தவர்கள் என்னைக் கும்பிட்டார்கள், அட்டையைப் படித்தார்கள், இன்னொரு தரம் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கி என் கையைக் குழந்தை தலையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு "வாங்க" இல்லை. நான் மனதுக்குள் மாமாவுக்குத் தேங்காய் உடைத்தேன்.

அப்போதுதான் அரிசி மில்லுக்கார அம்மாவும் தோட்டத்துப் பெரியம்மாவும் சுண்டல் தொன்னையோடு வந்து, சரியாக என் தூணுக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். இருவரும் மாமாவுக்கு உறவு. நல்லவர்கள். விரதம் இருக்கிறவனிடம் பேசக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். விரதம் இருக்கிறவனைப் பற்றிப் பேசக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

"ஏனுங்க்கா, இவுரு எதுக்குங்க வெரதம் இருக்காரு?" என்றார் பெரியம்மா.

"உனக்குத் தெரியாதா? ஒடம்புக்கு முடியலையாமா அம்மணி."

"அய்யோ பாவத்த! பாத்தா கல்லாட்டம் இருக்காரே!"

"அந்தக் கல்லுத்தான். கிட்னில."

ஹெட்போன் வழியாக அது எனக்கு அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. சுண்டல் மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது. அளவைக் கையால் வைத்துவிட்டதால் கேமரா பாட்டைக் குறைக்கவில்லை. அக்காவின் பாட்டும் என் கிட்னியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் சேர்ந்தே பதிவாகிக்கொண்டிருந்தன. எனக்குக் கிட்னியில் கல் இல்லை, கண்ணுகளா. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. குனிந்து, உதட்டில் விரலை வைத்து, கண்ணால் கெஞ்சிப் பார்த்தேன். மில்லுக்கார அம்மா உருகிப்போனார். "பாத்தியா, பேசக்கூடாதுன்னு நம்மளுக்குக் காட்டறாரு. என்ன பக்தி! இந்த வயசுல இந்தக் கஷ்டம் வரோணுமா?" என்று சொல்லிவிட்டுக் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இரண்டு பாட்டு போயிற்று. என் கல், உங்கள் அம்மாவின் கஷ்டம், உங்கள் எதிர்காலம் எல்லாம் அலசப்பட்டன. கூப்பிய கை கூப்பியபடி இருக்க, எனக்கு முதுகில் வேர்வை ஓடியது. இத்தனை வருஷமாக அக்கா பஸ்ஸில் வந்துபோன தூரமெல்லாம் இந்தத் தொன்னைக்குள் போய்விட்டது என்று நினைத்தேன். அக்கா காம்போதி ராகம் எடுத்தாள். மில்லுக்கார அம்மா முக்கியமான கட்டத்துக்கு வந்திருந்தார். "கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிப் பெரிய டாக்டருகிட்டக் காமிச்சாங்களாமா. டாக்டரு ஸ்கேன் எடுத்துப் பாத்துப்போட்டுச் சொன்னாராமா..."

அதோடு பேச்சு நின்றது.

ஹெட்போன் ஒயர் கழன்றுவிட்டது என்று பதறிப்போய்த் தடவினேன். ஒயர் சரியாக இருந்தது. பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. குனிந்து பார்த்தேன். மில்லுக்கார அம்மாவின் கை சுண்டலோடு வாய்க்குப் பாதித் தூரத்தில் நின்றிருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. கண் மேடையில் இருந்தது. பெரியம்மா, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடி மேலே ஓரிடத்தில் குரலை நிறுத்தி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை மெதுவாகத் தொன்னைக்கே இறங்கியது. அதன் பிறகு கச்சேரி முடிகிற வரைக்கும் என் காதில் பாட்டும், மிருதங்கமும், கோபுரத்துக் கிளிகளும், ஒரே ஒரு இருமலும்தான் விழுந்தன. நான் அப்போதும் கேமராவில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. தப்பித்தோம் என்று மட்டும் நினைத்தேன்.

வீட்டுக்குப் போய்ப் போட்டதும் அக்கா ஐந்து நிமிஷம்கூடக் கேட்கவில்லை. "கிட்னில" என்று வந்ததுமே நிறுத்திவிட்டாள். நான் தூணைத் தேர்ந்தெடுத்த இலட்சணம், ஒயரைத் தொட்ட நாளிலிருந்து நான் கெடுத்த சாமான்களின் பட்டியல், சின்ன வயதில் அவளுடைய சுருதிப்பெட்டியை நான் பிரித்துப்போட்டது என்று ஒன்று விடாமல் திட்டினாள். நான் விரதத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை பதில் பேச முடியாது. மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு, "கலியாணம் ஆனதுலருந்து நானும் இப்பிடித்தான் மாப்ள இருக்கறேன். எனக்கு யாரும் அட்டை எழுதித் தர்லீங்க" என்றார். பேச்சு வருகிற இடத்தை வெட்டிவிடலாமே என்று அவரே சொன்னார். வெட்டினால் சபாவில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள் அக்கா. "இதைக் குடுத்து அவங்க சிரிக்கறதுக்கு, நான் குடுக்காமயே இருந்துக்கறேன்" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். நான் அட்டையின் பின்பக்கத்தில் "கொடுக்கலாம்" என்று எழுதி அவள் தலைமாட்டில் வைத்தேன். காரணம் எதுவும் எழுதத் தெரியவில்லை.

திங்கட்கிழமைதான் கடைசி நாள். அவள் வருவாள் என்று எதிர்பார்க்காமலே நான் வண்டியோடு உக்கடத்தில் போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சபா அலுவலகத்தில் செயலாளர் இருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, கண்டிப்பான மனிதர். குறுந்தட்டை வாங்கி அப்போதே கம்ப்யூட்டரில் போட்டார். அக்கா நாற்காலி நுனியில் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு. "அந்தக் கல்லுத்தான். கிட்னில." செயலாளர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். காம்போதி வந்தது. "சொன்னாராமா..." என்று வந்து, பேச்சு நின்றது.

அவர் கையை உயர்த்தினார். பதிவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் போட்டார். மறுபடியும் அதே இடத்தில் பேச்சு நின்றது. மூன்றாம் முறையும் போட்டார். பிறகு முழுவதையும் கடைசிவரை கேட்டார். நிறுத்திவிட்டு அக்காவைக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, இந்தப் பேசற அம்மா யாருங்க? பாட்டுத் தெரிஞ்சவங்களா?"

"இல்லீங்க. அரிசி மில்லு வெச்சிருக்காங்க."

"எங்க முன்வரிசையில உக்காந்து பேசறவங்களை நிறுத்தறதுக்கு நாங்க போர்டு எழுதி வெச்சோம், கையெடுத்துக் கும்பிட்டோம், ஒண்ணும் நடக்கலீங்க" என்றார் அவர். "நிறைய பேரு ஆளில்லாத ரூம்ல உக்காந்து பாடிட்டு, கைத்தட்டலைப் பின்னால சேர்த்துக் கொண்டுவந்து தர்றாங்க. இதுல ஒரு பொம்பளை, டாக்டரு சொன்னதையே மறந்து உக்காந்திருக்குது. மார்கழி மொத ஞாயிறு, காலையில பத்து மணி. ஒரு மணி நேரம். வந்துருங்க."

வெளியே வந்தோம். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அக்கா நகைக்கடை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று தொண்டையைக் கனைத்தேன். அவள் என் கையைப் பிடித்து, ரொம்பக் கவலையாக, "ஏன்டா தம்பி, அந்த டாக்டர் என்னதான்டா சொன்னாராமா?" என்றாள்.

போன மாதம் உங்களில் சின்னவள் அந்தப் பதிவைத் தன் போனில் ஏற்றினாள். பக்கத்துப் பேச்சையெல்லாம் நீக்குகிற ஒரு வித்தை அதில் இருக்கிறதாம். ஒரு பொத்தானை அழுத்தினாள். கல் போயிற்று, சுண்டல் போயிற்று, பெரியம்மாவின் "அய்யோ பாவத்த" போயிற்று. பாட்டு மட்டும் பளிங்கு மாதிரி நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு எந்த இடத்தில் அவர்களைப் பிடித்தது என்று தெரியவில்லை. பழையபடியே ஆக்கித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

மில்லுக்கார அம்மாவை இப்போதும் விசேஷங்களில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னாராம் என்று கேட்பேன். நெற்றியைச் சுருக்கி, கன்னத்தில் கை வைத்து, உண்மையாகவே யோசிப்பார்.

"தெரியலையே சாமி. உங்கக்கா பாடுனதுல மறந்துபோட்டனுங்க."